காலையில் வெறுமையாகத் திரும்பும் பஸ்: மலையக நகரங்களில் ஆட்களையும் சாமான்களையும் ஒரே வண்டியில் ஏற்றலாமா?

ஹட்டன்வாசி எழுதியது:

ஹட்டன் நகரின் பிரதான வீதியைக் காலை ஏழரை மணிக்கும் எட்டரை மணிக்கும் இடையே பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட், கொட்டகலைப் பக்கங்களிலிருந்து வரும் பஸ்கள் பள்ளிப் பிள்ளைகளாலும் வேலைக்குப் போகிறவர்களாலும் மிதிபலகை வரை நிரம்பி வந்து சேர்கின்றன. அதே வேளையில், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் இரவோடிரவாக ஏறி வந்த லொறிகள் கடை வாசல்களில் நின்று மாவும் சீனியும் பருப்பும் இறக்கிக்கொண்டிருக்கின்றன. மலைச்சரிவை வெட்டி அமைத்த ஊர் என்பதால் வீதியை அகலப்படுத்த வழியில்லை. மாற்றுவீதி என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. ஆகவே பஸ்ஸுக்கு லொறி தடை, லொறிக்கு பஸ் தடை, நடந்து போகிறவருக்கு இரண்டுமே தடை.

இந்த நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஆட்களை இறக்கிவிட்ட பஸ் அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதை நான் அண்மையில்தான் கவனித்தேன். ஒன்பது மணிக்கு மஸ்கெலியாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதே ஒன்பது மணிக்கு, ஹட்டன் மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்த தோட்டத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் இரண்டு மூடை அரிசிக்கும் நாலைந்து பெட்டிச் சாமான்களுக்கும் ஆளுக்கொரு ஆட்டோவோ சிறு லொறியோ பேசிக்கொண்டு, பஸ்கள் வெறுமையாகவே திரும்புகிற அதே பாதையில் போகிறார்கள். மாலையில் இது தலைகீழாகிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கு மேலேறிய பஸ்கள் நகரத்துக்கு வெறுமையாக இறங்குகின்றன. அந்த நேரத்தில்தான் வீட்டுத் தோட்டங்களில் ஒடித்த போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் நகரத்துக்கு வரவேண்டியிருக்கிறது.

ஆட்கள் போகும் திசையும் சாமான்கள் போகும் திசையும் நம்முடைய ஊர்களில் ஒரே நேரத்தில் எதிரெதிராக இருக்கின்றன. பெரிய நகரங்களில் இப்படி அமைவது குறைவு என்று நினைக்கிறேன். இது நமக்கு வாய்த்த ஒரு வசதி. ஆனால் அதை யாரும் பயன்படுத்தவில்லை. பயணிகள் பஸ்ஸில் ஒழுங்கான முறையில், கட்டணத்தோடும் பொறுப்போடும், சாமான்களை ஏற்ற முடியுமா என்பதே என் கேள்வி. நடத்துநருக்குக் கைக்காசு கொடுத்துப் பார்சல் அனுப்புவதை எல்லோரும் அறிவோம். அதை நான் கேட்கவில்லை.


பழைய நிலைய அதிபர் எழுதியது:

தம்பி புதிதாகக் கேட்பதாக நினைக்கிறார். மலையகத்தில் போக்குவரத்து தொடங்கியதே இந்தக் கலப்பில்தான். நான் புகையிரதத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நம்முடைய ரயில் பாதை மனிதருக்காகப் போடப்பட்டதல்ல. கண்டிக்கு 1867இல் ரயில் வந்ததன் காரணம் கோப்பி. அதற்கு முன் கோப்பி மூடைகள் மாட்டு வண்டியில் நாட்கணக்காகக் கொழும்புக்கு இறங்கின. மழைக்காலத்தில் பாதை சேறாகி வண்டிகள் நின்றுவிட்டால் துரைமாருக்கு நஷ்டம். நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894 என்று பாதை மேலேறும்போது கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்துவிட்டது. கடைசியாக 1924இல் பதுளையைத் தொட்டது. ஆரம்ப காலத்தில் சாமான் ரயிலில் ஆட்களுக்கு இடம் கொடுத்தார்கள் என்று சொல்வதுதான் பொருந்தும். ஆட்கள் ரயிலில் சாமான் ஏற்றினார்கள் என்பது பிற்காலத்துக் கதை. இதற்கிடையில் அந்தக் கோப்பியைப் பறித்த நம்முடைய முன்னோர் மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக ஏறி வந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சாமானுக்கு ரயில் கிடைத்த பிறகும் பல காலம் ஆளுக்குக் கால்தான்.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரைக்கும் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு ரயில் ஓடியது பலருக்குத் தெரியாது. 1903இலும் 1904இலுமாகத் திறந்து, 1940களில் மூடினார்கள். தேயிலைப் பெட்டிகளும் பயணிகளும் அதில் ஒன்றாகப் போனார்கள். வீதியில் லொறியும் பஸ்ஸும் வந்தபிறகு இரண்டையும் தனித்தனியே பிரித்து ஏற்றுவது மலிவாகத் தோன்றியது, ரயில் தோற்றுவிட்டது. தம்பி இப்போது கேட்பது, அன்று பிரிந்ததை மறுபடி சேர்க்கலாமா என்பதே.

ரயிலில் அதைச் செய்வதற்குள்ள தடையையும் சொல்லிவிடுகிறேன். ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. கடுகண்ணாவை ஏற்றமும் நாவலப்பிட்டிக்கு மேலுள்ள ஏற்றங்களும் 44 அடிக்கு ஓரடி உயரும் சரிவு கொண்டவை. வளைவுகள் மிகக் கூர்மையானவை. ஒரு எஞ்சின் இழுக்கக்கூடிய பாரத்துக்கு வரம்பு உண்டு. பயணிகள் ரயிலில் ஒரு சாமான் பெட்டியைக் கொளுவினால் ஒரு பயணிகள் பெட்டியைக் கழற்ற வேண்டி வரலாம். அதற்கும் மேலே, நிலையத்தில் ரயில் நிற்கும் நேரம். ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் எதிரே வரும் ரயில் அடுத்த நிலையத்தில் காத்து நிற்கும். சாமான் ஏற்றுவது என்றால் அந்த ஐந்து நிமிடத்தை யார் தருவது என்பதுதான் முதற்கேள்வி. பார்சல் தயாராக மேடையில் இருந்தால் இரண்டு நிமிடம் போதும். இல்லாவிட்டால் இருபது நிமிடம் கூடப் போதாது. இதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.


மஸ்கெலியாக் கடைக்காரர் எழுதியது:

பார்சல் தயாராக இருந்தால்தான் வேலை நடக்கும் என்று நிலைய அதிபர் ஐயா சொன்னது வியாபாரிக்கும் பொருந்தும். நான் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். ஹட்டனிலிருந்து சரக்கு எடுத்து வர ஆட்டோவுக்குக் கொடுக்கும் கூலி, ஒரு பெட்டி பிஸ்கட்டில் எனக்குக் கிடைக்கும் இலாபத்தைத் தின்றுவிடுகிறது. அரிசி, மா போன்ற பெரிய பாரங்களுக்குக் கம்பனி லொறிகளே வருகின்றன. எனக்குத் தலைவலி தருபவை சிறு சாமான்கள். ஒரு பெட்டி சவர்க்காரம், இரண்டு பெட்டி தீப்பெட்டி, பிள்ளைகளின் கொப்பி, ஒரு கட்டு பல்பு. லொறி கூப்பிட முடியாத அளவுக்குச் சிறியவை, கையில் தூக்கி வரவும் முடியாதவை.

பஸ்ஸில் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். நடத்துநர் தெரிந்தவராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒருமுறை தெரியாத பஸ் ஒன்றில் மருந்துக் கடைக்காரருக்காக ஒரு பெட்டி அனுப்பச் சொன்னேன். அது எந்தத் தரிப்பிடத்தில் இறங்கியது என்பதே கடைசி வரை தெரியவில்லை. யாரிடம் கேட்பது? சாரதி நடத்துநரைக் காட்டினார், நடத்துநர் முதலாளியைக் காட்டினார், முதலாளி "நாங்கள் ஆட்களைத்தான் ஏற்றுகிறோம்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். துண்டு ஒன்று கூட என் கையில் இல்லை.

எனவே கட்டணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும், பெட்டி தொலைந்தால் பதில் சொல்கிறவர் யார் என்பதே எனக்குப் பெரிது. ஆட்டோக்காரருக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் அந்தப் பொறுப்புக்கான விலை.


திட்டமிடல் மாணவி எழுதியது:

நான் பேராதனையில் படிக்கிறேன். இது என் பாடத்தோடு தொடர்புடைய விடயம் என்பதால் சற்று நீளமாக எழுதுவதை மன்னிக்க வேண்டும்.

"ஒன்றாக ஏற்றுவது" என்று நாம் சொல்லும்போது மூன்று வெவ்வேறு காரியங்களைக் கலந்து பேசுகிறோம் என்று நினைக்கிறேன். பாதையை மட்டும் பகிர்வது ஒன்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் 2001 முதல் 2020 வரை, வோக்ஸ்வாகன் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்களை ஏற்றிச் சென்ற ட்ராம், பயணிகள் ட்ராம் ஓடும் அதே தண்டவாளத்தில் நகரின் நடுவே ஓடியது. ஆனால் அதில் பயணிகள் ஏறவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரம் 2003 முதல் வீட்டில் வேண்டாத பெரிய கழிவுப் பொருட்களைச் சேகரிக்க ஒரு ட்ராமை நடத்துகிறது. அதுவும் இந்த வகைதான். அம்ஸ்டர்டாமில் 2007இல் இதே போன்று கடைகளுக்குச் சரக்கு விநியோகிக்கும் ட்ராமைச் சோதித்துப் பார்த்தார்கள். அதைத் தொடங்கிய நிறுவனம் 2009இல் முறிந்து போனது. ட்ராம் கடை வாசல் வரை போகாது. அதிலிருந்து இறக்கிச் சிறு வண்டியில் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை தூக்கினால் கூலி இரட்டிப்பாகிறது என்பதை நம்முடைய கொழும்புப் புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமிகளே சொல்லிவிடுவார்கள்.

வண்டியையே பகிர்வது இரண்டாவது வகை. ஹட்டன்வாசி கேட்பது இதைத்தான். இதற்கு நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. கியூஷு தீவின் மியாசாகி மாகாணத்தில் மலைக்குள் ஒதுங்கிய நிஷிமேரா என்ற கிராமத்துக்குச் செல்லும் பஸ்ஸில், 2015இல் ஆசனங்கள் சிலவற்றைக் கழற்றிவிட்டு யமாட்டோ என்ற பார்சல் நிறுவனத்தின் பெட்டிகளுக்கு இடம் ஒதுக்கினார்கள். பயணிகள் குறைந்துகொண்டே போன பாதை அது. நின்றுவிடும் நிலையிலிருந்த பஸ்ஸுக்குப் பார்சல் வருமானம் ஒரு தாங்கல், பார்சல் நிறுவனத்துக்கோ நீண்ட மலைப்பாதையில் ஒரு லொறி ஓட்டம் மிச்சம். கியோட்டோ நகரத்தில் அதே நிறுவனம் 2011 முதல் ட்ராமில் பார்சல் ஏற்றிச் சென்று, இறங்கும் இடத்தில் சைக்கிள் வண்டிக்கு மாற்றி விநியோகித்தது. சுற்றுலாப் பயணிகள் குவியும் ஒடுங்கிய தெருக்களில் லொறிகளைக் குறைப்பதே அங்கே நோக்கம். நுவரெலியாவின் ஏப்ரல் மாத நெரிசலில் சிக்கியவர்களுக்கு அது புரியும்.

நிலையத்தைப் பகிர்வது மூன்றாவது. ஆட்களை ஏற்றும் இடமே பார்சல் வாங்கும், கொடுக்கும் இடமாகவும் இருப்பது. பின்லாந்தில் 1933இல் தொடங்கிய மட்காஹுல்டோ என்ற அமைப்பு, பஸ் நிலையங்களையும் பஸ் பார்சலையும் நாடு முழுவதற்குமாகப் பல காலம் ஒரே கையில் வைத்திருந்தது. அங்கே பார்சலின் பொறுப்பு நிலையத்தின் கவுண்டரில் தொடங்கி இன்னொரு நிலையத்தின் கவுண்டரில் முடிந்தது. நடத்துநருடைய சட்டைப் பைக்குள் தொடங்கவில்லை. கடைக்காரர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அயலில் தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக பஸ்களின் சுமைப் பெட்டிகளை வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். தெலங்கானாவில் 2020இலேயே அரசு பஸ் நிறுவனம் சரக்குப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தது. ஆனால் இவை பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் போகும் நீண்ட தூர பஸ்கள். நகரத்துக்கும் அதைச் சுற்றிய தோட்டங்களுக்கும் இடையிலான இருபது கிலோமீற்றருக்கு அந்த முறை அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்.


நடத்துநரின் மகன் எழுதியது:

எல்லோரும் ஜப்பானுக்கும் பின்லாந்துக்கும் போய் வந்துவிட்டீர்கள். நான் நோர்வூட்டிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா இருபத்தைந்து வருடம் நடத்துநராக இருந்தவர். இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே தருகிறேன்.

பாரம் எங்கே ஏறும் என்பதே அவருடைய முதற் கேள்வி. பழைய பஸ்களில் கூரைமேல் கம்பித் தட்டு இருந்தது. மரக்கறி மூடையை அதில் ஏற்றினார்கள். கூரையில் பாரம் ஏறினால் வண்டியின் நிறை மேலே போய்விடுகிறது, வளைவில் சரிகிறது. நம்முடைய பாதைகளில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் இன்னும் மறக்கவில்லை. அதன் காரணத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, மலைப்பாதை பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் பாரம் ஏற்றலாமா என்று கேட்பவர் எத்தனை கிலோ, எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஏறும்போது எஞ்சினுக்குக் கஷ்டம், இறங்கும்போது பிரேக்குக்குக் கஷ்டம். ஹட்டன்வாசி சொல்வது போல் மாலையில் மரக்கறியோடு இறங்குவது இரண்டாவது கஷ்டம்.

இரண்டாவதாக, நடத்துநருக்கு இரண்டு கைதான் உண்டு. பயணச்சீட்டு கொடுக்க வேண்டும், மீதிக் காசு கொடுக்க வேண்டும், கதவைப் பார்க்க வேண்டும், பின்னுக்கு எடுக்கும்போது இறங்கி விசில் ஊத வேண்டும். இதற்கிடையில் பெட்டியைத் தூக்கி இறக்குவது அவருடைய வேலையா? அப்படியானால் சம்பளத்தில் அது சேருமா? இல்லையென்றால் தூக்குபவர் யார்?

மூன்றாவதாக, மீனும் கருவாடும் மண்ணெண்ணெயும். ஒரு நாள் ஒருவர் உரச்சாக்கைச் "சாமான்" என்று சொல்லி ஏற்றிவிட்டார். அன்று மாலை வரைக்கும் பள்ளிப் பிள்ளைகள் அந்த வாசனையோடு பயணம் செய்தார்கள். பஸ்ஸில் ஏற்றக்கூடாதது எது என்று எழுதி ஒட்டாமல் இதை ஆரம்பிக்கவே கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

நான்காவது என்னுடையது. காலை ஒன்பது மணி பஸ் எல்லா நாளும் வெறுமையாகத் திரும்புவதில்லை. சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, தீபாவளிக்கு முந்தின வாரம், தைப்பொங்கலுக்கு முந்தின நாள் எல்லாம் போகும்போதும் கூட்டம், வரும்போதும் கூட்டம். கடைகளுக்கு அதிகச் சரக்கு தேவைப்படுவதும் சரியாக அந்த நாட்களில்தான்.


ஹட்டன்வாசி எழுதியது:

நடத்துநரின் மகனுக்கும் அவருடைய அப்பாவுக்கும் நன்றி. நான் எழுதியபோது இவற்றில் பாதியைத்தான் யோசித்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆள் சராசரி 60 கிலோ என்று வைத்தால், ஐம்பது பேரை ஏற்றக்கூடிய பஸ் பத்துப் பேரோடு திரும்பும்போது 2400 கிலோ பாரம் ஏற்றாமல் திரும்புகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும், அதாவது 240 கிலோவை மட்டும் அனுமதித்தாலும், நான்கு ஆட்கள் ஏறியது போலத்தான். அதுவும் கூரையில் அல்ல. தளத்தில், பின் ஆசனங்களுக்கு அருகே, கட்டி வைத்து. கூரைக்கு ஒரு கிலோ கூட ஏறக்கூடாது என்பதில் நான் அப்பாவோடு முழுதும் உடன்படுகிறேன். திருவிழாக் காலத்தில் அந்த இடத்தை மூடிவிடலாம். அந்த நாட்களில் கடைக்காரர் எப்படியும் லொறிதான் பேசுவார்.

மூடைக்குப் பதிலாகப் பெட்டி என்பதும் முக்கியம். 2011இன் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில்தான் கொண்டுபோக வேண்டும் என்று அரசாங்கம் சொன்னபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பில் நியாயம் இருந்தது, ஏனென்றால் லொறியில் கூடை மூடையைக் காட்டிலும் அதிக இடத்தை அடைக்கிறது, வெறுங்கூடை திரும்பி வரவும் வேண்டும். ஆனால் தினமும் போய் வரும் பஸ்ஸில் வெறுங்கூடை திரும்பி வருவது ஒரு செலவே அல்ல. லொறிக்குச் சரிவராத கூடை பஸ்ஸுக்குச் சரிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது.


கண்டிப் பயணி எழுதியது:

கண்டி ஆட்கள் நாளாந்தம் "குட்ஷெட்டில் பஸ் ஏறுகிறோம்" என்று சொல்கிறோம். அந்தப் பெயரின் பொருளை யோசிப்பதில்லை. ரயிலின் சாமான் கொட்டகை இருந்த இடம் என்பதால்தான் அந்த பஸ் நிலையத்துக்குக் குட்ஷெட் என்று பெயர். சாமானும் ரயிலும் பஸ்ஸும் ஒரே முற்றத்தில் கூடிய இடம் அது. இப்போது அங்கே ரயிலையும் பஸ்ஸையும் இணைக்கும் பல்வகைப் போக்குவரத்து முனையம் எழும்புகிறது. அதன் பேச்சுகளில் பயணிகளைப் பற்றியும் கடைத்தொகுதிகளைப் பற்றியும் நிறையக் கேட்கிறேன். பார்சலை எங்கே வாங்கி எங்கே கொடுப்பது என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. மாணவி சொன்ன அந்த மூன்றாவது வகைக்கு, அதாவது நிலையத்தைப் பகிர்வதற்கு, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. கட்டடம் முடிந்த பிறகு ஒரு பார்சல் அறைக்குச் சுவரை இடிப்பது வேறு, முன்பே ஓர் அறையை விட்டுவைப்பது வேறு.

கண்டியில் நெரிசல் ஹட்டனைக் காட்டிலும் பன்மடங்கு. வாவிக்கும் மலைக்கும் நடுவே அடைபட்ட நகரம். தலதா மாளிகைக்கு முன்னால் வீதி மூடப்பட்டிருப்பதால் வாகனங்கள் எல்லாம் வாவியைச் சுற்றியே வரவேண்டும். அப்படிப்பட்ட நகரத்துக்குள் பெரிய லொறி ஒவ்வொரு கடை வாசலுக்கும் வருவதைக் காட்டிலும், குட்ஷெட்டில் இறக்கிக் கைவண்டியிலோ மின்சார முச்சக்கர வண்டியிலோ கொடுப்பது எவ்வளவோ மேல். கியோட்டோவில் சைக்கிள் வண்டி செய்த வேலையை இங்கே ஆட்டோ செய்யும்.


லொறி ஓட்டுபவர் எழுதியது:

நான் சிறு லொறி ஓட்டிப் பிழைக்கிறவன். எல்லாச் சாமானையும் பஸ் எடுத்துக்கொண்டால் எங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்கத்தான் வந்தேன். ஆனால் மஸ்கெலியாக் கடைக்காரர் எழுதியதைப் படித்த பிறகு கேள்வி மாறிவிட்டது. அவர் சொல்கிற இரண்டு பெட்டி, மூன்று பெட்டிச் சாமானுக்கு நானும் போக விரும்புவதில்லை; டீசல் கட்டாது. 2022இல் எரிபொருள் கியூஆர் அட்டை வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர்தான் என்று ஆனபோது, சிறு ஓட்டங்களை முதலில் விட்டவர்கள் நாங்கள்தான். பஸ்களும் அப்போது குறைவாகத்தான் ஓடின. இருந்தாலும் ஓடிய பஸ்ஸில் ஆட்கள் மா மூடையையும் மடியில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நிறை வரம்பு வைத்து, அதற்கு மேல் உள்ளது லொறிக்கு என்று ஒரு கோடு போட்டால் எங்களுக்குச் சண்டை இல்லை. கோடு இல்லாவிட்டால் சண்டை உண்டு.


திட்டமிடல் மாணவி எழுதியது:

கோடு போடுவது யார் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் தாண்டி ஓடும் பஸ்ஸுக்கு 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸோ 1958இல் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கியபோது தொடங்கிய சபையின் வழி வந்த தனி நிறுவனம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா மத்திய மாகாணத்துக்குள்; ஆனால் நுவரெலியாவிலிருந்து வெலிமடை ஊவா மாகாணம். வெலிமடை, கெப்பட்டிப்பொலை மரக்கறிப் பகுதி இந்த எல்லையின் அப்பக்கம் என்பதால், மரக்கறியை ஏற்றும் யோசனைக்கு முதல் நாளே இரண்டு அலுவலகங்களின் ஒப்புதல் தேவைப்படும்.

ஜப்பானிலும் இதே போன்ற தடை இருந்தது. பயணிகள் அனுமதி உள்ளவர் சரக்கை ஓரளவுக்கு மேல் ஏற்றக்கூடாது; டாக்ஸிக்குச் சரக்கு அனுமதியே இல்லை. 2017இல் டாக்ஸி போன்றவற்றுக்கு ஆட்தொகை குறைந்த பகுதிகளில் மட்டும் அதைத் தளர்த்தினார்கள். 2023இல்தான் நாடு முழுவதற்கும் விரித்தார்கள். ஆறு வருடம் ஓரத்தில் பரீட்சித்துவிட்டு நடுவுக்கு வந்தார்கள். நாமும் ஒரு மாகாணத்துக்குள் அடங்கும் ஒரே ஒரு பாதையில் ஆரம்பிக்கலாம். ஹட்டன் மஸ்கெலியாப் பாதை அதற்குத் தோதானது என்று நினைக்கிறேன்: தூரம் குறைவு, இரு முனையிலும் கடைகள் உண்டு, கேட்பதற்கு ஓர் அலுவலகம்தான். தொடக்கத்தில் மாலைநேர மரக்கறியை விட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மேலேறும் பெட்டிகளை மட்டும் எடுக்கலாம். பிரேக்கைப் பற்றி நடத்துநர் அப்பா சொன்ன கவலைக்கு அதில் இடம் குறையும்.


பழைய நிலைய அதிபர் எழுதியது:

மகள் சொன்னது சரியான வழி. நான் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களுடைய பார்சல் அறையில் ஒரு தராசும் ஒரு தடித்த புத்தகமும் இருக்கும். பார்சலை நிறுத்து, நிறையை எழுதி, எண் போட்ட துண்டில் ஒரு பாதியைக் கிழித்து ஒட்டி, மறு பாதியை அனுப்புகிறவரிடம் கொடுப்போம். இறங்கும் நிலையத்தில் துண்டைக் காட்டாமல் பெட்டி வெளியே போகாது. இந்த வேலையை நடத்துநர் செய்யக்கூடாது. ஹட்டன் பஸ் நிலையத்திலும் மஸ்கெலியாவிலும் ஆளுக்கொரு மேசை, ஒரு தராசு, ஒரு புத்தகம் போதும். இப்போது புத்தகத்துக்குப் பதில் கைப்பேசி. பெட்டி பஸ்ஸுக்குள் போகும்போது அது ஏற்கெனவே நிறுத்து, எழுதி, கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படியானால் நான் முன்பு சொன்ன இரண்டு நிமிடத்தில் ஏறிவிடும். எண் வரிசையில் 240 கிலோ நிறைந்ததும் தராசுக்காரரே "இனி அடுத்த பஸ்" என்று நிறுத்திவிடுவார். லொறித் தம்பி கேட்ட கோடும் அதுதான்.


நடத்துநரின் மகன் எழுதியது:

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தராசும் மேசையும் நிலையத்தில் என்றால் சம்மதம் என்றார். தூக்குபவரைப் பற்றி இன்னும் கேட்கிறார். ஹட்டனில் மேசைக்காரர் ஏற்றுவார், மஸ்கெலியாவில் மேசைக்காரர் இறக்குவார். நடுவழியில் தோட்டத் தரிப்பிடங்களில் இறக்குவதில்லை என்று முதலில் வைத்துக்கொண்டால் நடத்துநர் கதவைவிட்டு அசைய வேண்டியதில்லை என்று அவரே பதிலும் சொன்னார். மண்ணெண்ணெய், உரம், மீன் வேண்டாம் என்பதை மறுபடி எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.


மஸ்கெலியாக் கடைக்காரர் எழுதியது:

பேச்சு ஒரு பாதைக்கு வந்து சேர்ந்துவிட்டதால், வெறும் ஊகமாக இருக்கக் கூடாது என்று திங்கட்கிழமை முதல் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். என் கடைக்கும் எனக்குத் தெரிந்த பக்கத்து இரண்டு கடைகளுக்கும் ஹட்டனிலிருந்து வந்த சாமான்களில், கம்பனி லொறியில் வராதவற்றை மட்டும் எழுதுகிறேன். திங்கள் பதினொரு பெட்டி, 90 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மூன்று ஆட்டோ ஓட்டம். செவ்வாய் நான்கு பெட்டி, ஓர் ஆட்டோ. புதன் ஒன்றுமில்லை. வியாழன் ஒன்பது பெட்டி, அதில் இரண்டு கருவாடு என்பதால் நடத்துநர் ஐயாவின் சட்டப்படி ஏழு பெட்டி என்று கணக்கிடுங்கள். மூன்று கடைக்கு இவ்வளவு என்றால் ஊரின் மற்றக் கடைகளுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களிடமும் ஆளுக்கொரு கொப்பி கொடுத்திருக்கிறேன். மாத முடிவில் இங்கே எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்தில் ஒன்பது மணி பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று யாராவது அதே நாட்களில் எண்ணினால் நல்லது.


ஹட்டன்வாசி எழுதியது:

நாளை காலையிலிருந்து நான் எண்ணுகிறேன். ஒன்பது மணி பஸ்ஸையும் ஒன்பதரை பஸ்ஸையும்.